எது முதலில் வழுக்க வேண்டும்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றை எண்ணிக்கொண்டே போவார்கள். எனக்கு அது வேறு கணக்கு. வண்டி அரைவட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கூடுதலாக ஓடுகிற தூரம், வளைவு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததல்ல. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தை 3.14 ஆல் பெருக்கினால் வருவதுதான் அந்தத் தூரம். லாரியின் பின்பக்கத்தில் அந்த அகலம் 1.8 மீட்டர் என்று வைத்தால் ஒரு வளைவுக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் ஆகிறது. எழுபதும் முழு அரைவட்டமாக இருந்தால் கிட்டத்தட்ட 400 மீட்டர். ஒருமுறை இந்தச் சக்கரம் முந்தும், மறுமுறை அந்தச் சக்கரம் முந்தும். இந்த வித்தியாசம் முழுவதையும் பின் ஆக்சிலின் நடுவே உட்கார்ந்திருக்கும் நான்கு சின்னப் பல்சக்கரங்கள் சுழன்று சரிக்கட்டுகின்றன. ஸ்டார் கியர் என்போம்.

நேர்ச்சாலையில் ஸ்டார் கியருக்கு வேலையே இல்லை. தன்னைச் சுமக்கும் கூண்டோடு சேர்ந்து சுற்றுமே தவிர, தன் அச்சில் அது திரும்பாது. சங்ககிரியில் சிமென்ட் ஏற்றி நான்குவழிச் சாலையில் ஓடுகிற வண்டியைக் கழற்றிப் பார்த்தால், பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஸ்டார் கியரில் மெஷின் போட்ட கோடு அழியாமல் இருக்கும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகக் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாக்சைட் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் மலையிறங்கி வந்த வண்டிகள் அப்படியில்லை. ஸ்டார் கியரைத் தாங்கும் கிராஸின் நான்கு கைகளும் ஒருபக்கமாகத் தேய்ந்து, பின்னால் இருக்கும் வாசர் பிளேடு மாதிரி மெலிந்து போயிருக்கும். வண்டி எங்கே ஓடியது என்று டிரைவரைக் கேட்க வேண்டியதில்லை. ஆக்சிலைத் திறந்தால் தெரிந்துவிடும்.

எங்கள் ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முறுக்கு. உள்ளூர்க்காரர்களுக்குத் தறியும் உண்டு. லாரிக்குப் பேர் போன ஊர்கள் வேறு: பாடி கட்ட நாமக்கல், லாரி வைத்து நடத்த சங்ககிரி, ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு. அந்த ஊர்களுக்கும் சேலத்துக்கும் நடுவே கிடக்கிறது எங்கள் ஊர். 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானபோது என் பட்டறை சேலம் மாவட்டத்திலும் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் நாமக்கல் மாவட்டத்திலும் என்று ஆனது. அதனால் ஒன்றும் குறையவில்லை. இன்ஜின் வேலைக்கு ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். கிரவுன் வேலைக்கு மட்டும் கொஞ்சம் தேடித்தான் வர வேண்டும்.

கிரவுன் என்று நாங்கள் சொல்வது பேருக்கு ஒரு பல்சக்கரம்தான். பேச்சில் அது மொத்த டிப்ரன்ஷியலையும் குறிக்கும். "மேஸ்திரி, கிரவுன் கத்துதுங்க" என்று டிரைவர் வந்து நின்றால், கத்துவது கிரவுனாக இருக்கலாம், அதைச் சுழற்றும் பினியனாக இருக்கலாம், ஹப் பேரிங்காகவும் இருக்கலாம். எப்போது கத்துகிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுத்து இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது பினியன் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. காலை எடுத்து வண்டி தானாக உருளும்போது மட்டும் ஊளையிட்டால் முதலில் பினியன் பேரிங்கைப் பார்ப்பேன். இழுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். நேரே போகும்போது சத்தமில்லை, வளைவில் மட்டும் கடகட என்றால் ஸ்டார் கியர். கியர் போட்டுக் கிளச்சை விட்டதும் 'டொக்' என்று ஒரே ஓர் அடி விழுந்தால், எங்கோ ஆட்டம் கூடியிருக்கிறது. கிரவுனில்தான் என்று சொல்ல முடியாது, ஜாயின்ட் கிராஸிலும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஜாயின்டைக் கையால் ஆட்ட வேண்டும். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.

நான் வேலை கற்றது சங்ககிரியில். அங்கே மேஸ்திரி முதலில் தொட விட்டது கிரவுனை அல்ல, பழைய ஆயிலை. கழற்றி விட்ட ஆயிலை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்வார். பளபளவென்று மாவு மாதிரி இரும்புத் தூள் வந்தால் பரவாயில்லை, தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பேரிங். துண்டாக வந்தால் பல். மஞ்சள் நிறத்தில் மின்னினால் வெண்கல வாசர். அந்த ஆயிலின் கந்தக வாடை கையைவிட்டுப் போகாது. பல்லும் பல்லும் உரசி வழுக்குகிற இடத்தில் சாதாரண எண்ணெயின் படலம் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரஸும் சேர்த்த இ.பி. ஆயில், பல்லின் மேலேயே ஒரு மெல்லிய படலத்தைக் கட்டிக்கொள்ளும். 1920-களில் அமெரிக்காவின் கிளீசன் கம்பெனி ஹைபாய்டு பல்லைக் கொண்டுவந்தபிறகு இப்படிப்பட்ட ஆயில் இல்லாமல் ஓட்ட முடியாது என்றாகிவிட்டது. ஹைபாய்டில் பினியன் கிரவுனின் நடுவுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி உட்காரும். பல் உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கவும் செய்யும்.

பழைய லாரிகளில் அதிகம் கைபட்ட செட் 6க்கு 41. பினியனில் ஆறு பல், கிரவுனில் நாற்பத்தொன்று. வகுத்தால் 6.83. ஏன் 42 வைக்கவில்லை என்று பையன்களைக் கேட்பேன். ஆறும் நாற்பத்திரண்டும் என்றால் பினியனின் ஒரு பல் கிரவுனின் அதே ஏழு பற்களை மட்டும் காலமெல்லாம் சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சொட்டை விழுந்தால் அந்த ஏழும் சேர்ந்து கெடும். ஆறும் நாற்பத்தொன்றும் பொது வகுத்தி இல்லாத எண்கள். எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்கும், தேய்மானமும் எல்லாவற்றுக்கும் பொதுவாகும். செட்டாக வாங்கியதைச் செட்டாகவே போட வேண்டும். ஆலையிலேயே ஜோடியாக ஓட்டி, உரசிப் பழக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். ஒரு வண்டியில் பினியன் மட்டும் போய்விட்டது, இன்னொரு வண்டியில் கிரவுன் மட்டும் போய்விட்டது, நல்லதையும் நல்லதையும் சேர்த்துப் போடலாமே என்று கேட்கிற முதலாளிகள் இப்போதும் உண்டு. போட்டால் ஓடும். தறிச் சத்தத்துக்கு நடுவே குடியிருக்கிற எங்கள் ஊர்க்காரனுக்கே அந்தச் சத்தம் தாங்காது.

பூட்டுவதில்தான் வேலையே இருக்கிறது. பினியன் பேரிங்கை எவ்வளவு இறுக்குவது என்று பார்க்க, பினியன் கழுத்தில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசை மாட்டி இழுப்போம். சீராகச் சுற்றும்போது தராசு காட்டும் எடைதான் கணக்கு. தளர்ந்தால் லோடில் பினியன் பின்வாங்கும். இறுகினால் பேரிங் நீலம் பாயும். அடுத்தது பினியனின் ஆழம். ஷிம் கூட்டியும் குறைத்தும் முன்னே பின்னே நகர்த்துவது. பிறகு கிரவுனின் இருபக்க நட்டையும் திருகி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆட்டம் வைப்பது. லாரியில் பொதுவாகக் கால் மில்லிமீட்டரை ஒட்டி வரும். வண்டிக்கு வண்டி மாறும், புத்தகத்தைப் பார்த்தே வைக்க வேண்டும்.

இதெல்லாம் சரியா என்று கேட்டுச் சொல்கிற ஆள் சிவப்பு ஈயப் பொடி. ஆயிலில் குழைத்து நாலைந்து பல்லில் தடவி, கிரவுனைக் கையால் பிடித்து எதிர்ச்சுமை கொடுத்துக்கொண்டே பினியனைச் சுற்றினால், பல் தொட்ட இடத்தில் சாயம் விலகித் தடம் விழும். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. உச்சியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. பல்லின் வெளி முனைப் பக்கம் ஒதுங்கினால் ஆட்டம் கூடுதல், உள் முனைக்கு ஒதுங்கினால் குறைவு. நட்டநடுவே விழுந்தால் எல்லாம் சரி என்று புதுப் பையன் சந்தோஷப்படுவான். நான் ஒரு மயிரிழை உள்பக்கம் ஒதுங்கி நிற்கிற மாதிரிதான் வைப்பேன். வெறுங்கையில் சுற்றும்போது விழும் தடம், இருபது டன் ஏற்றி மேடு ஏறும்போது வெளிப்பக்கமாக நகரும். எதிர்ச்சுமை கொடுக்காமல் சுற்றி, அழகான தடத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிற பட்டறைகளும் உண்டு. அந்தத் தடம் பட்டறைக்குள் மட்டும்தான் செல்லும்.

டிப்ரன்ஷியலை 1820-களின் இறுதியில் பிரான்சில் பெக்கர் என்கிற கைவினைஞர் நீராவி வண்டிக்காக அமைத்தார். அதன் குணம் அன்றிலிருந்து மாறவில்லை: இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான இழுவையே கொடுக்கும். கேட்க நியாயமாக இருக்கும். மழைக்காலத்தில் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் டிரெய்லரோடு இறங்கிய டிராக்டரைப் பார்த்தால் அந்த நியாயம் விளங்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிமானம் இல்லாமல் சுழல்கிறது. அதைச் சுழற்ற வேண்டிய இழுவை சொற்பம். ஆகவே கெட்டித்தரையில் நிற்கிற மறுசக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் போகும். டிராக்டர்காரர் காலருகே உள்ள லாக் பெடலை மிதிப்பார். இரண்டு ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள, சேகோ ஆலைக்குப் போக வேண்டிய கிழங்கு மேடேறிவிடும். சாதாரண லாரியில் அந்தப் பெடல் இல்லை. சுழல்கிற சக்கரம் கிரவுனைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ஸ்டார் கியர் கிராஸின் மேல் பேரிங் இல்லாமல் வெறும் இரும்பில் இரும்பாகத் திரும்புகிற பொருள். வளைவில் மெதுவாகத் திரும்பத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சேற்றில் சிக்கிய டிரைவர் பொறுமையிழந்து கால் மணி நேரம் ஆக்சிலேட்டரை மிதித்தால், கிராஸில் ஆயில் வறண்டு ஸ்டார் கியர் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய வேகத்தில் கூண்டு பிளந்து பல் ஹவுசிங்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த வண்டிகளையும் இழுத்து வந்திருக்கிறார்கள்.

ரிக் வண்டிக்காரர்களுக்கு வேறு தொல்லை. போர் போடும் இடம் எப்போதும் ரோட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கும், காடோ உழுத வயலோ. சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டே இருந்து, திடீரென்று அடியில் ஒரு கல் அகப்பட்டுப் பிடித்துக்கொள்ளும். சுழற்சி ஒரு கணத்தில் நிற்க, அந்த அதிர்ச்சி ஏதாவது ஒன்றை முறிக்கத்தான் செய்யும். கிளச் வழுக்கினால் ஒரு பிளேட்டோடு போகும். ஆக்சில் முறிந்தால், ஹப்பில் உள்ள நட்டுகளைக் கழற்றி முறிந்ததை உருவிப் புதியதைச் செருகிவிடலாம். வண்டிப் பாரத்தை ஆக்சில் தாங்குவதில்லை, ஹவுசிங்தான் தாங்குகிறது. ஜாக்கிகூட வேண்டாம். அதற்காகத்தான் தூர லைனுக்குப் போகிறவர்கள் ஸ்பேர் ஆக்சில் ஒன்றைப் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு போவார்கள். கிரவுன் போனால் சத்தீஸ்கர் காட்டில் வண்டி நின்ற இடத்தில் நின்றதுதான்.

முறிய வேண்டிய வரிசை என்று ஒன்று இருக்கிறது என்பதை இந்த வேலையில் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். மலிவானது முதலில், கழற்ற எளிதானது அடுத்து, வண்டியை நிறுத்திவிடுவது கடைசியில். வண்டி செய்தவர்கள் அந்த வரிசையை மனதில் வைத்தே செய்கிறார்கள். கெடுப்பது நடுவில் வருகிறவர்கள். ஆக்சில் அடிக்கடி முறிகிறது என்று இன்னும் கெட்டியான ஆக்சில் கடைந்து போடச் சொல்வார்கள். கிளச் வழுக்குகிறது என்று பிரஷர் பிளேட்டில் பலமான ஸ்பிரிங் மாற்றுவார்கள். இரண்டையும் செய்தால் அடுத்த முறை போவது கிரவுன்.

லாரியில் கிளச்சை வழுக்க விடுவதும் விடாததும் டிரைவரின் கால். 330, 352, 380 மில்லிமீட்டர் என்று பிளேட்டின் அளவு ஏறிக்கொண்டே போனாலும், பெடலின் மேல் காலை ஓய்வாக வைத்து ஓட்டுகிறவனிடம் எந்த அளவும் நிற்காது. கழற்றினால் லைனிங் கண்ணாடி மாதிரி மின்னும், பிளைவீலில் நீலப் புள்ளிகள் இருக்கும், ரிவெட் தலை முகத்தை வெட்டியிருக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசியை ஏர் வைத்து ஊதித்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் சுத்தம் செய்தோம். இப்போது பையன்களை ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறேன்.

இத்தனையும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் என்று எனக்குக் காட்டியவன் அக்கா மகன். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கரத்தில் மட்டும் இழுவை, பேட்டரி மோட்டார். "மாமா, கிரவுனு கத்துதுங்க மாமா" என்றான், கிண்டலுக்கு. திறந்து பார்த்தால் அதில் கிரவுனும் இல்லை, ஸ்டார் கியரும் இல்லை. பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று. அதில் வட்டமாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டு. இருபுறமும் இரண்டு இரும்பு வளையங்கள் குண்டுகளை அழுத்திப் பிடித்திருந்தன. பால் டிஃப் என்றான். இங்கிலாந்தில் செசில் ஷூமாக்கர் என்பவர் 1980-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தது. பல்லே இல்லாமல், குண்டின் உரசலிலேயே இழுவையை இரண்டு பக்கமும் பிரிக்கிறது. ஒரு வளையம் முன்னே போனால் குண்டு உருண்டு மறுவளையத்தைப் பின்னே தள்ளும். ஸ்டார் கியர் செய்யும் வேலைதான், ஆனால் ஆட்டமே இல்லாமல்.

சத்தம் வந்த காரணம் சீக்கிரமே தெரிந்தது. குண்டுகள் வளையத்தில் உருள வேண்டும், இங்கே இழுபட்டிருந்தன. வளையம் இரண்டிலும் பள்ளம். இறுக்கம் போதாமல் ஓட்டியிருக்கிறார்கள். மோட்டார் சட்டென்று இழுக்கும்போது குண்டு வழுக்கிக் குரைக்கிற மாதிரி சத்தம் போடும், சூட்டில் பிளாஸ்டிக் உருகும். புது வளையம், புதுக் குண்டு போட்டேன். குண்டுக்கு நிறமில்லாத சிலிக்கான் கிரீஸ். போல்ட்டின் தலையில் இருக்கும் குட்டித் திரஸ்ட் பேரிங்குக்குக் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ். இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. குண்டு பிடித்துக்கொள்ள வேண்டிய இடம், பேரிங் வழுக்க வேண்டிய இடம். போல்ட்டை ஸ்பிரிங் முழுக்க மடங்கி முட்டுகிறவரை இறுக்கி, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். அதையும் ஒரே மூச்சில் செய்யக்கூடாது. பாதி இறுக்கத்தில் மெதுவாக ஓட்டிக் குண்டுக்குத் தடம் பழக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. லாரி கிரவுனைப் புதிதாகப் போட்டால் முதல் லோடைப் பாதியாக ஏற்றச் சொல்கிறோமே, அதே காரணம்.

அதற்கு மேல் ஒரு பொருள் இருந்தது. அதுதான் என்னை அந்தக் காரின் பக்கம் இழுத்தது. மோட்டார் பினியனுக்கும் டிஃபுக்கும் நடுவே, பெரிய பல்சக்கரத்தின் இருபுறமும் லைனிங் தட்டு, வெளியே ஒரு ஸ்பிரிங், நைலான் நட்டு. ஸ்லிப்பர் கிளச். அதற்குப் பெடல் கிடையாது, கால் கிடையாது. எப்போது வழுக்க வேண்டும் என்பதை நட்டின் இறுக்கத்தில் முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும். கார் தாவிக் குதிக்கும்போது சக்கரங்கள் காற்றில் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். தரையைத் தொட்ட கணம் பிடித்துக்கொள்ளும். ரிக் வண்டியின் சக்கரத்தில் கல் அகப்பட்ட அதே அதிர்ச்சி. லாரியில் அதைத் தடுக்க எதுவுமில்லை. இங்கே ஸ்லிப்பர் ஒரு கணம் வழுக்கி, பிளாஸ்டிக் பல்லைக் காப்பாற்றிவிடுகிறது. நான் லாரியில் மனக்கணக்காக வைத்திருந்த வரிசை இந்தக் காரில் ஒரு நட்டாக உட்கார்ந்திருந்தது.

சோதனை எளிது. இரண்டு பின்சக்கரத்தையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெரிய பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் திருப்ப வேண்டும். ஸ்லிப்பர் வழுக்க வேண்டும், டிஃப் வழுக்கக் கூடாது. டிஃப் முதலில் வழுக்கினால் வளையம் நாசம். ஆகவே டிஃபை முதலில் வைத்துவிட்டு, அதற்குக் கீழே ஸ்லிப்பரை வைக்க வேண்டும். இந்தக் கார் ஓட்டும் பையன்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ஸ்லிப்பர் வழுக்குகிறது என்று அதை இறுக்குவார்கள், பிறகு டிஃப் குரைக்கிறது என்று அதை இறுக்குவார்கள், கடைசியில் எதுவும் வழுக்காத கார் பல்லை வழித்துக்கொண்டு நிற்கும். நல்ல பிடிமானம் உள்ள தரையில் நிறுத்தி ஒரேயடியாக முழு வேகம் கொடுத்தால், முதல் ஒன்றிரண்டு அடிக்கு 'ஸ்ஸீ' என்று மெல்லிய சத்தம் வந்து அடங்க வேண்டும். சத்தமே வராமல் முன்சக்கரம் தூக்கினால் இறுக்கம். நீளமாக வந்தால் தளர்வு, லைனிங் வெந்து மின்னத் தொடங்கும். மின்னினால் மெல்லிய உப்புத்தாளில் எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்து எடுப்பேன். லாரி பிளேட்டுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன், மாற்றிவிடுவேன். இந்தச் சின்னதுக்குச் செல்லும்.

அப்புறம் அவன் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பக்கிக்கு மாறினான். நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னால் ஒரு டிஃப், பின்னால் ஒன்று, நடுவே ஒன்று. மூன்றிலும் உள்ளே ஸ்டார் கியர், கிராஸ், சைடு கியர் எல்லாம் லாரியில் இருக்கிற மாதிரியே. முன்னதிலும் பின்னதிலும் கிரவுன்-பினியன்கூட உண்டு. ஸ்லிப்பர் கிடையாது. நடு டிஃபே முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே விட்டுக்கொடுத்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கொல்லிமலைக் கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தேன். சக்கரங்களுக்கு நடுவே கால் மீட்டர் அகலம், சக்கரத்தின் சுற்றளவு முப்பத்தாறு சென்டிமீட்டரை ஒட்டி. ஓர் அரைவட்டத்தில் வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றுகிறது. லாரிச் சக்கரம் ஒன்றேமுக்காலைத் தாண்டுவதில்லை. பந்தயத் தடத்தில் நேர்ச்சாலை என்பது பேருக்குத்தான். உலகப் போட்டிகளில் இந்த அளவு நைட்ரோ எரிபொருள் கார்களின் இறுதிப் பந்தயம் ஒரு மணி நேரம். மலை ஏறி இறங்குகிற எந்த லாரியின் ஸ்டார் கியருக்கும் இவ்வளவு வேலை கிடையாது.

லாரியில் ஆயில் வழுக்க வைப்பதற்கு. இந்தக் காரில் ஆயில் தடுப்பதற்கு. டிஃபுக்குள் ஊற்றுவது சிலிக்கான் எண்ணெய், அதன் கெட்டித்தனத்தை எண்ணில் சொல்கிறார்கள். முன்னால் 5000, நடுவே 7000, பின்னால் 3000 என்பது பலரும் தொடங்குகிற இடம். 'அஞ்சு ஏழு மூணு' என்று பையன்கள் சாமி பேர் மாதிரி சொல்வார்கள். நான் லாரிக்கு ஊற்றும் 140 ஆயிலை, சூடேறிய ஆக்சிலின் வெப்பத்தில் அதே அளவுகோலில் சொன்னால் நூறைக்கூடத் தொடாது. ஸ்டார் கியர் எண்ணெயைப் பிசைந்துகொண்டு சுற்ற வேண்டியிருப்பதால் உள்சக்கரம் வீணாகச் சுழல்வது குறைகிறது. காட்டுக்குள் சிக்கிய டிராக்டருக்கு லாக் பெடல் செய்வதை, இங்கே எண்ணெய் அரைகுறையாகச் செய்கிறது. அந்த 'அரைகுறை'யை எவ்வளவு என்று நிர்ணயிப்பதுதான் இதில் உள்ள மேஸ்திரி வேலை. பின் டிஃபில் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் வளைவிலிருந்து வெளியேறும்போது நேராகத் தள்ளும், பிடிமானம் போனால் மொத்தமாகப் போகும். நடுவே மெலிதாக ஊற்றினால் முன்சக்கரங்கள் காற்றில் எழும்போது இழுவை எல்லாம் அங்கே ஓடி வீணாகும்.

ஊற்றும் முறையில் எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது. அவன் விளிம்புவரை நிரப்புவான். கிராஸ் மூழ்கினால் போதும், மேலே காற்றுக்கு இடம் வேண்டும் என்றேன். லாரி ஆக்சிலின் தலையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். செம்மண் புழுதியோ குளவிக் கூடோ அதை அடைத்துவிட்டால், சூட்டில் விரிந்த காற்று வெளியேற வழியில்லாமல் ஹப் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலை பிரேக் லைனிங்கில் விடும். பிரேக் பிடிக்கவில்லை என்று வந்த வண்டிக்கு மூச்சுக்குழாயைக் குத்திவிட்டு அனுப்பியதுண்டு. இந்தச் சின்ன டிஃபுக்கு மூச்சுக்குழாயே இல்லை. விளிம்புவரை ஊற்றினால் வெயிலில் விரிகிற எண்ணெய் ஓ-ரிங்கைத் தாண்டித்தானே போக வேண்டும்? சித்திரை வெயிலில் ஓட்டிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டான். இப்போது எண்ணெய் ஊற்றிக் குமிழி எல்லாம் மேலே வரும்வரை மூடாமல் வைக்கிறான். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று நகைக்கடைத் தராசில் எடைபோட்டு ஊற்றுகிறான். அந்தத் தராசு யோசனை அவனுடையது. நல்ல யோசனை.

ஈயப் பொடி வைத்துத் தடம் பார்க்க முடியாத அளவுக்குப் பல் சின்னது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே பில் புத்தகத் தாளை ஒரு கீற்று கிழித்துவைத்து, அது கிழியாமல் மடிந்து வெளியே வந்தால் ஆட்டம் சரி என்பது இவர்கள் முறை. 0.1 மில்லிமீட்டர் ஷிம் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும், விரலால் சுற்றி, தடைபடுகிறதா என்று பார்க்கிறேன். அந்த உணர்வைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஷிம் இல்லாமலும், ஒரு ஷிம் கூடுதலாகவும், சரியாகவும் என்று மூன்று விதமாகப் பூட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். மூன்றையும் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

அவர்கள் ஓட்டுகிற இடம் அறுவடை முடிந்த மேட்டுக்காடு. செம்மண். ஓட்டி முடித்த கையோடு சக்கரத்தைக் கழற்றி, வெளியே துருத்தும் டிஃப் கப்பைச் சுற்றிப் புழுதியைத் துடைத்துவிட வேண்டும். விட்டால் ஓ-ரிங்கோடு சேர்ந்த மண் அடுத்த முறை அரம் மாதிரி அச்சை அறுக்கும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் நாலைந்து லிட்டர் எரிபொருள் ஓடிய பிறகு டிஃபைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவன் வாதாடுவான். அந்தத் தடங்களில் களிமண்ணை நீர் தெளித்து இறுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தப் புழுதிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எண்ணெய் சாம்பல் நிறத்துக்கு மாறியதும் திறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது அவனுக்கு நடு டிஃபில் 10,000 ஊற்றிப் பார்க்க ஆசை. நேர்ப்பாதையில் இன்னும் வேகமாக எடுக்குமாம். எடுக்கும்தான். ஆனால் நடுவே விட்டுக்கொடுப்பது குறைந்தால், குதித்து விழுகிற அடி முழுவதும் பின் பினியனுக்குப் போகும். ஸ்பேர் பினியன் ஒன்றுதான் பெட்டியில் இருக்கிறது, அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். "பினியன் வந்ததும் ஊத்திக்கலாம்டா" என்றேன். "ஊத்தினாத்தானுங்க மாமா தெரியும்" என்கிறான். 10,000 பாட்டில் இன்னும் சீல் பிரிக்காமல் கிரவுன் ஷிம் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காளிப்பட்டிப் பக்கம் ஒரு காட்டில் ஓட்டப் போகிறார்கள்.